இழுவைக்கு வாகனம் வாங்க முன்: மன்னார்க் கரைக்கான சில கணக்குகள்

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரி 1ஆம் திகதி தனியார் வாகனங்களுக்கும் மீண்டும் திறக்கப்பட்டது. அன்றிலிருந்து மன்னாரில் உள்ள என் வாகனத் திருத்தகத்துக்கு வருபவர்கள் ஒரே கேள்வியைத்தான் மாற்றி மாற்றிக் கேட்கிறார்கள். "அண்ணை, போட் இழுக்க எந்த டபுள் கெப் நல்லம்?" பேசாலைக்காரரும் கேட்கிறார், சிலாவத்துறைக்காரரும் கேட்கிறார். கனடாவிலிருந்து தம்பிக்குப் பணம் அனுப்ப இருக்கும் அண்ணனும் தொலைபேசியில் கேட்கிறார். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சொல்லி வந்ததை இங்கே எழுதி வைக்கிறேன்.

இங்கே வாகனம் வாங்க நினைக்கும் மனத்துக்குள் இடப்பெயர்வும் இருக்கிறது. 2007 செப்டெம்பரில் முசலி தெற்கு வெறுமையானது. 2008இல் அடம்பன், விடத்தல்தீவு, வெள்ளாங்குளம் என்று முன்னரங்கு வடக்கே நகர நகர, மாந்தை மேற்குச் சனம் மல்லாவி, கிளிநொச்சி, விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று நகர்ந்தது. உழவு இயந்திரமும் பெட்டியும் வைத்திருந்த குடும்பம் கூரைத் தகரம், நெல் மூட்டை, தையல் மெசின், நடக்க முடியாத கிழவி என்று எல்லாவற்றையும் ஏற்றிச் சென்றது. இல்லாத குடும்பம் சைக்கிளில் கட்டியதோடு போனது. அதைப் பார்த்து வளர்ந்தவன் இன்றைக்கு வாகனம் வாங்கும்போது, தன் தொழிலுக்குத் தேவையானதைவிட ஒரு படி பெரியதைத்தான் தேடுகிறான். இந்த ஆசையை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் அந்தக் கூடுதல் ஒரு படிக்குத்தான் ஐந்து வருடம் தவணை கட்ட வேண்டியிருக்கிறது.

முதலில் கனடாப் படத்தைப் பார்ப்போம். அங்குள்ள உறவினர் அனுப்பும் படங்களில், பெரிய பிக்கப்பின் பின்தட்டுக்கு நடுவில் ஒரு இரும்புத் தட்டு இருக்கும். வீடு போன்ற நீண்ட பெட்டியின் கழுத்து அதன்மேல் வந்து உட்கார்ந்திருக்கும். அதற்கு 'ஐந்தாம் சக்கரம்' என்று பெயர். குதிரை வண்டிக் காலத்தில் முன்னச்சு திரும்புவதற்காகப் படுக்கையாக வைத்த சக்கரத்திலிருந்து வந்த பெயர் அது. நம் ஊரில் கொள்கலன் லொறிகளிலும், மன்னார்த் தீவுக்குக் காற்றாலை இறக்கைகளைக் கொண்டுவந்த நீள் வாகனங்களிலும் இருப்பது இதே முறைதான். தம்பபவனி காற்றாலையின் 30 கோபுரங்களும் அப்படித்தான் பாலம் கடந்து வந்தன.

இந்த முறையின் சூட்சுமம் சுமை எங்கே இறங்குகிறது என்பதில் இருக்கிறது. சாதாரணக் கொழுக்கியில் பெட்டியின் எடையில் 10 முதல் 15 வீதம் வாகனத்தின் வாலில் அழுத்தும். ஐந்தாம் சக்கரத்தில் 20 வீதம் அளவு பின்னச்சுக்கு நேர்மேலே இறங்கும். அதனால் பெட்டி ஆடாது. அந்த எடையைத் தாங்கவே அங்கே பின்னால் இரட்டை ரயர் போட்ட ஃபோர்ட் எஃப்-350 போன்ற வண்டிகளைச் செய்கிறார்கள். அவற்றுக்கு அனுமதித்த மொத்த எடை 6,000 கிலோவைத் தாண்டும். நம்மிடம் உள்ள ஹைலக்ஸ், எல்200, நவாரா, டி-மெக்ஸ் எல்லாம் வெறுமையாக ஏறக்குறைய 2,000 கிலோ. ஆட்களும் சாமானும் சேர்ந்து ஏறக்குறைய 3,000 கிலோதான் அனுமதி. டபுள் கெப்பில் பின்தட்டும் குட்டை. ஒட்டுக்கடைக்காரர் தட்டைப் பூட்டித் தருவார்தான். செசி தாங்காது. அந்த யோசனையை இத்தோடு விட்டுவிடலாம்.

இனி விளம்பரத்தில் வரும் '3,500 கிலோ இழுக்கும்' என்ற வாசகத்துக்கு வருவோம். புதிய தலைமுறை டபுள் கெப்கள் சிலவற்றுக்கு அது உண்மை. ஆனால் அந்த எண், தனக்கென்று பிரேக் உள்ள பெட்டியை இழுக்கும்போது மட்டுமே பொருந்தும். பிரேக் இல்லாத பெட்டி என்றால் அதே வாகனத்துக்கு அதே தயாரிப்பாளர் சொல்லும் எண் பெரும்பாலும் 750 கிலோதான். நம் கரையில் ஓடும் படகுப் பெட்டிகளைக் குனிந்து பாருங்கள். பழைய வான் அச்சு, இரண்டு சக்கரம், ஒட்டிய குழாய்கள். பிரேக் இருக்கும் பெட்டியை நான் அரிதாகவே கண்டிருக்கிறேன். ஆகவே எந்த கெப் வாங்கினாலும் உங்கள் கணக்கு 750இல் தொடங்க வேண்டும். அல்லது பெட்டிக்குப் பிரேக் போடச் செலவழிக்க வேண்டும். குதிரைவலு கூடிய வண்டிக்குக் கொடுக்கும் கூடுதல் பணத்தில் சிறு பங்கு அதற்குப் போதும்.

எடை எவ்வளவு என்று ஊகிக்காதீர்கள். படகு, வலை, 40 குதிரைவலு வெளியிணைப்பு இயந்திரம் (அதுவே ஏறக்குறைய 70 கிலோ), மண்ணெண்ணெய், பெட்டியின் இரும்பு எல்லாவற்றையும் சேர்த்து, பெரிய அரிசி ஆலையில் லொறி நிறுக்கும் தராசில் ஒரு தடவை ஏற்றி நிறுத்துப் பாருங்கள். நனைந்த வலையின் எடையைப் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

மன்னாரில் இந்தக் கணக்கு ஏன் உயிர்க் கணக்கு என்றால், இங்கே திடீரென்று நிறுத்த வேண்டிய தேவை மற்ற ஊர்களைவிட அதிகம். இரவில் தீவு வீதிகளில் கழுதைகள் கூட்டமாக நிற்கும். ஒலி எழுப்பினாலும் நகராது. தலைமன்னார் வீதியில் நேரே பார்த்து வேகமெடுத்தவன், கழுதையைக் கண்டு பிரேக் அடிக்கும்போது வாகனம் நிற்கப் பார்க்கும், பின்னாலுள்ள படகு நிற்காது. பெட்டி கெப்பின் வாலைத் தள்ளிக் குறுக்கே மடிக்கும்.

இன்னொரு இடம் தள்ளாடிப் பக்கத்துத் தாம்போதியும் பாலமும். 2010இல் புதிய பாலம் திறந்தபின் வீதி அகலமாகிவிட்டது. சோளகம் வீசும் மாதங்களில் காற்று மட்டும் முன்போலவே பக்கவாட்டில் வந்து அடிக்கிறது. பின்பாரம் கூடிய பெட்டி அங்கே பாம்புபோல ஆடத் தொடங்கும். படகில் இயந்திரம் எப்போதும் பின்புறத்தில் தொங்குவதால் எங்கள் பெட்டிகள் இயல்பிலேயே பின்பாரம் கூடியவை. அதற்குச் செலவில்லாத வழி ஒன்று உண்டு. தூரப் பயணத்துக்கு முன் இயந்திரத்தைக் கழற்றிக் கெப்பின் தட்டில் படுக்க வையுங்கள், எண்ணெய்க் கலன்களையும் முன்னுக்குக் கொண்டுவாருங்கள். கொழுக்கியில் மொத்த எடையின் பத்தில் ஒரு பங்காவது அழுத்த வேண்டும். ஆட்டம் தொடங்கிவிட்டால் பிரேக்கை மிதிக்கவும் கூடாது, வேகத்தைக் கூட்டவும் கூடாது. காலை மெதுவாக எடுத்து, சுக்கானை நேரே பிடித்திருங்கள். தானாக அடங்கும்.

கடற்கரை வேலை வேறு. வீதியில் படகைக் கொண்டுபோவதையும் மணலில் படகை ஏற்றி இறக்குவதையும் ஒரே வாகனத்தால் செய்ய நினைப்பதுதான் பணத்தைத் தின்கிறது. கெப்பைப் பின்னோக்கிக் கடலுக்குள் இறக்கும்போது, வெயிலிலும் ஓட்டத்திலும் சூடான பின்னச்சு சட்டென்று குளிர்கிறது. உள்ளே காற்று சுருங்கி, சீல் வழியாகவும் மூச்சுக்குழாய் வழியாகவும் உப்புநீரை உறிஞ்சும். தீவின் பல கிணறுகளில் நீரே உவர். அதில் கழுவினால் கழுவியதாகாது.

மணலுக்கு உகந்தது பழைய உழவு இயந்திரம்தான். மசி பேர்குசன் 135, 240, இந்தியாவில் அதே வழியில் செய்யப்பட்ட டஃபே போன்றவற்றுக்கு உதிரிப்பாகம் முருங்கன் கடையிலும் கிடைக்கும், கைப்பழக்கம் உள்ள திருத்துநரும் கிடைப்பார். போருக்குப் பின் இந்திய அரசு வடக்குக்கு வழங்கிய 500 உழவு இயந்திரங்கள் வந்தபிறகு இந்தப் பழக்கம் இன்னும் பரவியது. உழவு இயந்திரத்தை வாங்கும்போது பெட்டியின் ஆணி போகும் துளையைப் பாருங்கள். வட்டமாக இல்லாமல் முட்டை வடிவில் தேய்ந்திருந்தால் அது எவ்வளவு பாரம் இழுத்தது என்று தெரியும். அதைவிட முக்கியமானது ஒன்று: இடது வலது பிரேக் மிதிகள் இரண்டையும் பிணைக்கும் கொக்கி இருக்கிறதா என்று பாருங்கள். வயலில் திரும்புவதற்காக அவை தனித்தனியாக உள்ளன. வீதியில் பிணைக்காமல் ஒன்றை மட்டும் மிதித்தால் பாரம் ஏற்றிய பெட்டி இயந்திரத்தைச் சுழற்றிவிடும்.

ஒரு படகைக் கரையேற்றப் பத்து நிமிடம் போதும். ஓர் இறங்குதுறைக்கு ஒரு உழவு இயந்திரம் தாராளம். கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றாக வாங்கி, தடவைக்கு இவ்வளவு என்று எடுப்பதை நான் எப்போதும் பரிந்துரைப்பேன். சங்கத்தில் சண்டை வரும் என்பார்கள். வரும்தான். தவணை கட்ட முடியாமல் தனியே நிற்பதைவிடச் சண்டை மலிவு.

பாவித்த கெப் வாங்குவோருக்கு என் சோதனை முறை இது. பகலில் பாருங்கள். பின்னச்சுக்கு மேலே செசி வளையும் இடத்திலும், வில்லுத்தகடு பூட்டும் இடங்களிலும் சிறு சுத்தியலால் தட்டுங்கள். கணீரென்றால் நல்லது, மந்தமாகச் சத்தம் வந்தால் உள்ளே உக்கியிருக்கிறது. அடியில் மட்டும் புதிதாகக் கறுப்புப் பெயின்ற் அடித்திருந்தால் எனக்குச் சந்தேகம் வரும். பின்னச்சு எண்ணெய்த் துளையைத் திறந்து விரலை விடுங்கள். எண்ணெய் பால்தேநீர் நிறத்தில் இருந்தால் கடல்நீர் குடித்த வண்டி. கைப்பிரேக்கை இழுத்து, மூன்றாவது கியரில் கிளச்சை மெதுவாக விடுங்கள். இயந்திரம் நின்றுபோக வேண்டும். நிற்காமல் ஓடினால் கிளச் முடிந்துவிட்டது, பாரம் இழுத்த வண்டிகளில் முதலில் போவது அதுதான். நாலு சக்கர இழுவையையும் மணலில் போட்டுப் பாருங்கள். வருடக்கணக்காகப் பாவிக்காமல் இறுகிப்போன வண்டிகள் உண்டு.

பணம் எங்கிருந்து வருகிறது என்பதுதான் கடினமான பகுதி. லீசிங் தருபவர் 'வருடம் 12 வீதம்' என்பார். அது முழுத்தொகைக்கும் ஐந்து வருடமும் மாறாமல் போடும் வட்டி என்றால், 10 இலட்சத்துக்கு வட்டி 6 இலட்சம். மாதம் 26,667 ரூபா வீதம் 60 மாதம். நீங்கள் கடனை மாதாமாதம் குறைத்துக்கொண்டே வந்தும் குறையாத தொகைக்கு வட்டி கட்டுவதால், உண்மை வட்டி ஏறக்குறைய 20 வீதம் ஆகிறது. குறைந்து செல்லும் மீதிக்கு வட்டி எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். கடற்றொழிலில் வருமானம் காற்றைப் பார்த்து வரும், தவணை காற்றைப் பார்ப்பதில்லை. கடல் கொந்தளிக்கும் மாதங்களுக்கு மூன்று தவணையாவது கையில் இல்லாமல் கையெழுத்து வைக்காதீர்கள். நடுவீதியில் மறித்துச் சாவியைப் பறிகொடுத்தவர்கள் என் திருத்தகத்துக்கு முன்னாலேயே அழுதிருக்கிறார்கள்.

கடைசியாகப் பதிவுப் புத்தகம். அதில் முற்றுரிமையாளர் என்ற இடத்தில் நிதி நிறுவனத்தின் பெயர் இருந்தால், விற்பவர் என்ன சொன்னாலும் வாகனம் இன்னும் அவருடையதல்ல. உழவு இயந்திரப் பெட்டிக்குத் தனிப் பதிவு உண்டு. இயந்திரத்தின் புத்தகத்தை மட்டும் வாங்கிக்கொண்டு வருபவர்கள் பலர். சாரதி அனுமதிப்பத்திரத்தில் உழவு இயந்திரத்துக்கு ஜி வகுப்பு, கைப்பிடி உழவு இயந்திரத்துக்கு ஜி1. கெப் ஓட்டும் பி வகுப்போடு இழுக்கக்கூடிய பெட்டியின் எடைக்கும் எல்லை உண்டு. பாரமான பெட்டி இழுக்க அது போதாது.

கையெழுத்து மட்டும் வைத்து, பெயர் மாற்றாமல் கைமாறும் 'ஓப்பன் பேப்பர்' வியாபாரம் நாடு முழுக்க உண்டு. வன்னியில் அதற்கு வேறொரு பாரம் சேர்கிறது. புத்தகத்தில் பெயர் உள்ளவர் 2009இல் காணாமற்போனவராக இருக்கலாம்.

மாந்தை மேற்கில் ஒரு அக்கா தன் கணவரின் உழவு இயந்திரத்தை விற்க நினைத்தார். பிள்ளையின் படிப்புக்குப் பணம் தேவை. வாங்க வந்தவர் பெயர் மாற்ற வேண்டும் என்றார். நியாயமான கோரிக்கைதான். அதற்கு ஒரு தரகர் சொன்ன வழி, "மரணச் சான்றிதழ் எடுத்தால் ஒரு மாதத்தில் முடியும் அக்கா" என்பது. அவர் எதுவும் பேசாமல் தேநீர்க் கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

இப்படியான குடும்பத்திடம் வாங்கப் போகிறவர்கள் ஒன்றைத் தெரிந்திருக்க வேண்டும். 2010ஆம் ஆண்டுச் சட்டம் காணாமற்போனவருக்கு மரணச் சான்றிதழ் பெற வழி செய்தது. 2016இல் அது திருத்தப்பட்டு, ஆள் இறந்தார் என்று சொல்லாமல் காணவில்லை என்று மட்டும் சொல்லும் காணப்படாமைச் சான்றிதழ் என்ற வேறொரு வழியும் வந்தது. அதை வைத்துச் சொத்துக் கருமங்களில் எதுவரை போகலாம் என்பதை ஒரு சட்டத்தரணியிடம் கேட்டு நடப்பது நல்லது. நாள் எடுக்கும். அதுவரை வாங்குவதைத் தள்ளிவைக்கலாம். அவசரம் என்றால் எழுத்தில் ஒப்பந்தம் போட்டு, மாத வாடகைக்கு எடுத்து ஓட்டலாம்.

அந்த அக்காவின் இயந்திரம் இப்போது அப்படித்தான் வாடகைக்கு ஓடுகிறது. புத்தகம் அவர் வீட்டு அலுமாரியில், அவர் கணவரின் பெயரிலேயே இருக்கிறது. சென்ற மாதம் பிரேக் மிதிகளைப் பிணைக்கும் கொக்கியை மாற்றிக் கொடுத்தேன்.