பூனை எப்போது நோயாளி ஆனது?

எதிர் வீட்டு அக்கா வளர்த்த பூனைக்குப் போன வருடம் ஒரு நாள் உடம்பு சுட்டது. அக்கா நல்ல மனதோடு அரை பாராசிட்டமால் மாத்திரையைப் பாலில் கரைத்து ஊற்றினார். மறுநாள் காலை முகம் வீங்கி, ஈறு பழுப்பாகி, மூச்சு வாங்கிக்கொண்டு கிடந்தது. மதியத்துக்குள் போய்விட்டது. "குழந்தைக்கே கொடுக்கிற மருந்துதானேப்பா" என்று அக்கா திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். அதற்குப் பதில் தேடப் போய்தான் பூனை வைத்தியத்தின் வரலாற்றைப் படிக்க ஆரம்பித்தேன்.

பூனை என்றாலே எகிப்துதானே, அங்கிருந்தே தொடங்கினேன். வீட்டுப் பூனை இறந்தால் எகிப்தியர்கள் புருவத்தை மழித்துத் துக்கம் காத்தார்கள் என்று ஹெரோடோட்டஸ் எழுதியிருக்கிறார். அவ்வளவு பாசக்கார ஊரில் பூனை வைத்தியம் இல்லாமலா இருக்கும்? 1889-ல் லாகூன் என்ற இடத்தில் பிளிண்டர்ஸ் பெட்ரி தோண்டி எடுத்த சுவடிகளில் கால்நடை மருத்துவச் சுவடி ஒன்று உண்டு. வயது சுமார் 3800 ஆண்டுகள். மிஞ்சியிருக்கும் துண்டுகளில் காளைக்கு வரும் நோய்கள் இருக்கின்றன. பூனையைக் காணோம். நம் நாட்டிலும் குதிரைக்குச் சாலிஹோத்ரர், யானைக்குப் பாலகாப்பியர் என்று தனித்தனி சாஸ்திரம். ராஜாவுக்குப் போருக்கு எது வேண்டுமோ அதற்குத்தான் வைத்தியர் இருந்திருக்கிறார்.

பத்தாம் நூற்றாண்டில் வேல்ஸை ஆண்ட ஹவெல் தா என்ற மன்னரின் பெயரில் வழங்கும் சட்டங்களில் பூனைக்கு விலையே குறித்திருக்கிறார்கள். கண் திறக்காத குட்டிக்கு 1 பென்னி, முதல் எலியைப் பிடிக்கும் வரை 2 பென்னி, பிடித்துக் காட்டிய பிறகு 4 பென்னி. (நம் கேம்பஸ் இண்டர்வியூ மாதிரி இல்லை?) 4 பென்னி சாமானுக்கு யார் வைத்தியரைக் கூப்பிடுவார்கள்?

இதைவிட மோசம், பூனையே மருந்தாக இருந்த காலம். 1607-ல் இங்கிலாந்தில் எட்வர்ட் டாப்செல் என்ற பாதிரியார் விலங்குகள் பற்றி ஒரு தடித்த புத்தகம் வெளியிட்டார். அதில் கண் பார்வைக்கு ஒரு வைத்தியம்: வேறு நிறம் ஒரு புள்ளிகூட இல்லாத கறுப்புப் பூனையின் தலையை மண் சட்டியில் எரித்துப் பொடியாக்கி, இறகுக் குழலால் நாளைக்கு 3 முறை கண்ணில் ஊத வேண்டுமாம். படிக்கும்போதே எனக்குக் கண் எரிந்தது.

1761-ல் பிரான்சின் லியோன் நகரில் க்ளோத் பூர்ஷலா முதல் கால்நடை மருத்துவப் பள்ளியை நிறுவ அனுமதி பெற்றபோதும் கவலையெல்லாம் குதிரையும் மாடும்தான். பூனையின் நிலைமை மாறியது பத்தொன்பதாம் நூற்றாண்டு லண்டனில். அங்கே 3 லட்சம் பூனைகள் இருக்கும் என்று 1851 வாக்கில் ஹென்றி மேஹ்யூ கணக்குப் போட்டார். குதிரைக் கறியைக் குச்சியில் குத்தித் தெருத் தெருவாகப் பூனைகளுக்கு விற்பதே ஒரு பிழைப்பாக இருந்தது. 1871-ல் கிரிஸ்டல் பேலஸில் ஹாரிசன் வியர் பெரிய பூனைக் கண்காட்சி நடத்தினார். எலி பிடிக்கும் வேலையாள் வீட்டுப் பிள்ளையானது.

பிள்ளையானால் மருந்து கொடுக்க வேண்டுமே! இங்கேதான் வம்பு. பூனைக்கென்று மருந்து இல்லாததால் நாய்க்கும் மனிதனுக்கும் இருந்ததையே அளவு குறைத்துக் கொடுத்தார்கள். 1867-ல் லிஸ்டர் புண்ணுக்குக் கார்பாலிக் அமிலத்தின் பெருமையைச் சொன்ன பிறகு அது சோப்பாக வீட்டுக்கு வீடு போனது. பூனைக்கு அது விஷம். தோல் வழியாகவே உள்ளே போகும், போதாததற்குப் பூனை உடம்பை நக்கி நக்கித் தின்றும்விடும். 1899-ல் ஆஸ்பிரின் வந்தது. மனிதன் உடம்பில் சில மணி நேரத்தில் கழிந்துபோகும் மருந்து, பூனை உடம்பில் பாதி இறங்கவே ஒன்றரை நாள் வரை ஆகிறது. தினம் ஒன்று கொடுத்தால் சேர்ந்துகொண்டே போகும்.

பூனை சின்ன நாய் இல்லை என்று தனியாகப் படிக்கத் தொடங்கியது ரொம்பத் தாமதம். பூனை நோய்களுக்கென்றே இங்கிலாந்தில் ஃபீலைன் அட்வைசரி பீரோ உருவானது 1958-ல். ஒரே வீட்டில் பல பூனைகளுக்குப் புற்றுநோய் வந்ததைக் கவனித்து கிளாஸ்கோவில் வில்லியம் ஜாரெட் குழுவினர் பூனை லுகேமியா வைரஸைக் கண்டது 1964-ல். ஈரல் விஷயத்துக்கு 2000 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இந்த வகை மருந்துகளைச் சர்க்கரைப் பொருளோடு ஒட்டி வெளியேற்றும் நொதி ஒன்று நம் ஈரலில் உண்டு. பூனையிடம் அதற்கான மரபணு பழுதாகிக் கிடக்கிறது. சிங்கம், புலிக்கும் அப்படியே. கறியே தின்று வாழ்ந்த பரம்பரைக்குச் செடிகொடி விஷங்களை முறிக்கும் தேவை குறைவாக இருந்ததால் இப்படி ஆகியிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

பாராசிட்டமால் இப்படி வெளியேற வழியில்லாமல் வேறு விஷப் பொருளாக மாறி ரத்தச் சிவப்பணுக்களைக் கெடுக்கிறது. பழுப்பு ஈறு அதனால்தான். நாய் உண்ணிக்கு விற்கும் பெர்மெத்ரின் சொட்டு மருந்தும் பூனையைக் கொல்லும்.

பாராசிட்டமாலுக்கு மாற்று மருந்து இருக்கிறது: அசிட்டைல்சிஸ்டீன். அதிகமாக மாத்திரை விழுங்கிய மனிதருக்குக் கொடுக்கும் அதே மருந்துதான். சில மணி நேரத்துக்குள் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனால் பிழைக்க வாய்ப்பு உண்டு. அன்று ராத்திரி இது அக்காவுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.