கற்பனைக்கு ஒரு கோடு போதும்

1956 நவம்பர் 1-இல் கொள்ளேகால் மைசூருக்குப் போகாமல் கோவை மாவட்டத்திலேயே தங்கியிருந்தால்? இந்த மாற்று வரலாற்றுக்கு வரைபடம் செய்ய உட்கார்ந்தேன். இன்றைய தாலுகா எல்லைக் கோப்பைத் திறந்து, பழைய கோவைக்குள் வருபவற்றையெல்லாம் ஒட்டினேன். அரைமணி நேர வேலை.

அப்பிச்சியிடம் காட்டினேன். "மடத்துக்குளத்தைச் சுத்தி எதுக்கு கண்ணு தனிக்கோடு? அப்பெல்லாம் நாம உடுமலைத் தாலூக்காவுதான?"

மென்பொருள் சொல்லாத பிழை. மடத்துக்குளம் தனித் தாலுகா ஆனதே 2009-இல், திருப்பூர் மாவட்டம் உருவானபோதுதான். தாராபுரம் இன்னும் அலைந்தது: 1979 வரை கோவை, அப்புறம் பெரியார் மாவட்டம் (இன்றைய ஈரோடு), 2009-இலிருந்து திருப்பூர்.

ஆக, தாலுகாவை வைத்துக் கட்டினால் சுவர் நிற்காது. வருவாய் கிராமம்தான் செங்கல். கிராமமும் சில சமயம் பிரியும்தான், ஆனால் தாலுகா அளவுக்கு இல்லை. ஒவ்வொரு கிராமத்துக்கும் ஒரு வரி; எந்த ஆண்டில் எந்தத் தாலுகா, எந்த மாவட்டம் என்று பத்திகள். ஆண்டைச் சொன்னால் கிராமங்கள் சேர்ந்து அந்த ஆண்டின் கோட்டைத் தரும்.

இப்படி ஒவ்வொரு கிராமமாகத் தட்டச்சு செய்தபோதுதான் உறைத்தது. அப்பிச்சி வீட்டைவிட்டு நகரவே இல்லை. அவர் விலாசத்தில் தாலுகாவும் மாவட்டமும் மாறிவிட்டன. கொள்ளேகால்காரர்களுக்கு மாநிலமே மாறியது. மாற்று வரலாற்றில் ஒரு கோட்டைத்தான் நாம் கற்பனை செய்யலாம். மிச்சக் கோடெல்லாம் நிஜமாக இருந்தால்தான் அந்த ஒன்றின் கனம் தெரியும்.