மின்சார வண்டிகளும் மாலை ஏழு மணியும்

இலங்கையின் வீதிகளுக்கு மின்சார வாகனம் புதிய விருந்தாளி அல்ல. ஐந்து ஆண்டுகளாக நடைமுறையிலிருந்த இறக்குமதித் தடை 2025 பெப்ரவரியில் நீங்கிய பின்னர், சீனத் தயாரிப்பான மின்சாரக் கார்கள் கொழும்பு வீதிகளில் பெருகியதைக் கண்டோர், முன்னெப்போதும் நிகழாத ஒன்று நிகழ்வதாகவே பேசிக்கொள்கின்றனர். "இத்தனை காருக்கும் கறண்ட் எங்கிருந்து வரும்?" என்று நண்பர்கள் என்னிடம் கேட்கின்றனர். நியாயமான கேள்விதான். எனினும் அதற்கு விடை காண, நாம் ஒன்றேகால் நூற்றாண்டு பின்னோக்கிச் செல்லவேண்டும்.

கொழும்பில் மின்சார ட்ராம் வண்டி 1899 இல் ஓடத் தொடங்கியது. பூஸ்ட்டட் சகோதரர்கள் என்ற ஆங்கில வர்த்தக நிறுவனமே அதனைத் தொடக்கியது. ஒரு பாதை கிராண்ட்பாஸுக்கும் மற்றையது பொரளைக்கும் சென்றன. 1902 இல் உருவான கம்பனியின் பெயர் 'கொழும்பு மின்சார ட்ராம் மற்றும் விளக்குக் கம்பனி' என்பதாகும். வண்டியும் விளக்கும் ஒரே பெயரில் இணைந்திருப்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். அது அக்காலத்து மின்தொழிலின் அடிப்படைக் கணக்கு. விளக்குக்கு மாத்திரம் மின்சாரம் விற்றால் இயந்திரங்கள் பகல் முழுவதும் சும்மா கிடக்கும். வண்டியும் ஓடினால் பகலிலும் வருமானம் வரும். அமெரிக்காவின் சிகாகோ நகரில் மின்கம்பனி நடத்திய சாமுவேல் இன்சல், ட்ராம் கம்பனிகளைத் தம் வாடிக்கையாளராக்க முயன்றதும் இதே காரணத்தினால்தான். எவ்வளவு மின்சாரம் என்பதோடு எந்த நேரத்து மின்சாரம் என்பதையும் அன்றைய வர்த்தகர்கள் அறிந்திருந்தனர்.

1944 இல் ட்ராம் சேவையைக் கொழும்பு மாநகரசபை பொறுப்பேற்றது. 1953 இல் ட்ரொலி பஸ் வந்தது. 1960 இல் ட்ராமும் 1964 இல் ட்ரொலி பஸ்ஸும் ஓய்ந்தன. அதன் பின்னர் வாகனம் ஒரு திணைக்களத்தின் விவகாரமாகவும் மின்சாரம் இன்னொன்றின் விவகாரமாகவும் பிரிந்துபோயின. இன்றைய குழப்பத்தின் வேர் இப்பிரிவிலேயே இருக்கின்றது என்பது என் கருத்து.

மின்னுற்பத்தியின் கதை தாமதங்களின் கதை. பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர, நீர்வலுவிலிருந்து மின்சாரம் பெறுவதன் பொருளாதாரம் பற்றிய தமது ஆய்வுரையை 1918 இல் சமர்ப்பித்தார். லக்சபான முதற்கட்டம் இயங்கத் தொடங்கியதோ 1950 இல். இடையில் 32 ஆண்டுகள் கழிந்தன. 1969 இல் மின்சார சபை உருவானது. எண்பதுகளில் விக்டோரியா, கொத்மலை அணைகள் எழுந்தன. ஆயினும் மழை பொய்த்த 1996 இலும், பின்னர் 2001, 2002 இலும் நாடு மணிக்கணக்கில் இருளில் கிடந்தது. நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் முதல் அலகு 2011 இலும், 900 மெகாவாட் முழுமையாக 2014 இலும் கைக்கு வந்தன.

வடக்கின் அனுபவம் வேறு. 1990 இல் யுத்தத்தினால் லக்சபான மின்சாரம் குடாநாட்டுக்கு அற்றுப்போனது. பெற்றோலுக்கும் தடை. மண்ணெண்ணெயில் கார் ஓடியது. ஸ்ராட் பண்ணுவதற்கு மாத்திரம் சில துளி பெற்றோல். தலைகீழாக நிறுத்திய சைக்கிளின் மிதியைச் சுற்றி, டைனமோவில் வரும் மின்சாரத்தில் பீபீசி தமிழோசை கேட்ட தலைமுறையைச் சேர்ந்தவன் நான். ஒருவர் சுற்ற, மற்றவர்கள் கேட்போம். கை களைத்தால் செய்தி நின்றுவிடும். மின்சாரம் தேவைப்படும் அதே கணத்தில் அதனை உண்டாக்கவேண்டும் என்ற பாடத்தை எந்தப் பல்கலைக்கழகமும் அவ்வளவு தெளிவாகக் கற்பித்திருக்க முடியாது. 2013 இலேயே சுன்னாகம் மீண்டும் தேசிய மின்வலையோடு இணைந்தது.

மின்சாரக் கார்களின் முதல் அலை 2014, 2015 ஆம் ஆண்டுகளில் வந்தது. வரி குறைவாக இருந்தபடியால் பாவித்த நிசான் லீஃப் கார்கள் ஆயிரக்கணக்கில் இறங்கின. 2015 நவம்பர் வரவு செலவுத் திட்டத்தில் வரி ஏறியதும் அலை அடங்கியது. நமது வெப்பத்தில், தனியான குளிரூட்டும் ஏற்பாடு இல்லாத அந்தக் கார்களின் பற்றரிகள் சீக்கிரமே தளர்ந்தன. மலிவாக வாங்கியவர்கள் புதிய பற்றரியின் விலையைக் கேட்டுத் திகைத்தனர். பின்னர் 2022 வந்தது. பெற்றோலுக்கு நாட்கணக்கில் வரிசை; மார்ச் இறுதியில் 13 மணிநேர மின்வெட்டு. எரிபொருளும் மின்சாரமும் ஒரே வேளையில் கைவிட்டதை நாடே கண்டது. இரண்டையும் இறக்குமதி எண்ணெய் என்ற ஒரே கயிற்றில் நாம் கட்டியிருந்தோம்.

இனிக் கணக்குக்கு வருவோம். சிறிய மின்சாரக் கார் ஓர் அலகில் ஏறத்தாழ 6 கிலோமீற்றர் ஓடும். பெற்றோல் கார் லீற்றருக்கு 12 கிலோமீற்றர் ஓடுமெனில், ஒரு லீற்றரின் வேலையை இரண்டு அலகு செய்துவிடும். இலாபம் வெளிப்படை. ஆயினும் நாளொன்றுக்கு 40 கிலோமீற்றர் ஓடுபவரின் மின்பட்டியலில் மாதம் 200 அலகு கூடும். வீட்டுக் கட்டணத்தில் 180 அலகைத் தாண்டியவை ஆகக் கூடிய விலைக்குரியவை என்பதை இறக்குமதியாளர்கள் எடுத்துச் சொல்வதில்லை.

மின்வலை தாங்குமா? ஒரு இலட்சம் கார்கள் நாளுக்கு 7 அலகு வீதம் பெற்றால் 7 இலட்சம் அலகு. நாடு நாளொன்றுக்குச் செலவிடுவது நான்கரைக் கோடி அலகு அளவில். நூற்றுக்கு இரண்டு பங்குகூட இல்லை, தாராளமாகத் தாங்கும். ஆனால் அந்த ஒரு இலட்சம் பேரும் மாலை ஏழு மணிக்கு வீடு திரும்பி, 7 கிலோவாட் மின்னேற்றியை ஒரேசமயம் செருகினால் 700 மெகாவாட். நாட்டின் உச்சத் தேவையே 2,700 மெகாவாட்டைச் சற்றுத் தாண்டும் அளவுதான். மின்சாரம் ஒன்றே, கார்களும் அவையே. நேரம் மாத்திரம் மாறியதால் சிறுசுமை பெருஞ்சுமையாகின்றது. அந்த மாலை உச்சத்தை நிரப்ப எரிப்பது டீசலும் உலை எண்ணெயும். காரில் எரியாத எண்ணெய் மின்நிலையத்தில் எரியும்.

மறுபுறம் பகலைப் பாருங்கள். 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கினால் ஏற்பட்ட கோளாறு நாடு முழுவதையும் இருளாக்கியது. குரங்கைப் பற்றிய பகிடிகள் பல வந்தன. உண்மைக் காரணம் அதற்கப்பால் இருந்தது. விடுமுறை நாளில் தேவை குறைவு. கூரைச் சூரிய மின்சாரம் மிகுதி. அதிர்ச்சியைத் தாங்கும் கனத்த சுழல் இயந்திரங்களின் பங்கோ சிறிது. அதே ஆண்டு சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், கூரைச் சூரியத் தொகுதிகளைப் பிற்பகல் மூன்று மணி வரை நிறுத்தி வைக்குமாறு மின்சார சபை உரிமையாளர்களைக் கேட்டது. நண்பகலில் மின்சாரத்தை வேண்டாம் என்கிறோம். மாலையில் எண்ணெய் எரித்து அதனை உண்டாக்குகிறோம்.

அந்த நண்பகல் மின்சாரத்துக்கு ஒரு பற்றரி வேண்டும். ஒவ்வொரு மின்சாரக் காரும் ஒரு பற்றரிதான். அலுவலகத் தரிப்பிடத்தில் பகலில் நிற்கும் காருக்கு மின்னேற்ற வசதி இருந்தால் அது மின்வலையின் நண்பன். வீட்டில் இரவு 10.30 இற்குப் பின்னர் ஏற்றினாலும் தீங்கில்லை. மாலை 6.30 இலிருந்து 10.30 வரையே அது எதிரி. வீட்டுப் பாவனையாளர் விரும்பித் தெரிவு செய்யக்கூடிய நேரவாரிக் கட்டணம் ஏலவே உண்டு. மின்சாரக் கார் வைத்திருப்போருக்கு அதனைக் கட்டாயமாக்குவதில் என்ன தடை?

இது கார் வைத்திருப்பவரின் பிரச்சினை மாத்திரமல்ல. மாலை உச்சத்துக்கு எரியும் எண்ணெயின் விலையும், ஒழுங்கையில் மாற்ற நேரும் மின்மாற்றியின் விலையும் எல்லோருடைய பட்டியலிலும் பங்கிடப்படும். இரண்டு மின்குமிழும் ஒரு மின்விசிறியும் வைத்திருக்கும் தோட்டத்து லயன் வீட்டுக்காரரும், வன்னியின் கிராமத்துக் குடும்பமும், தாம் ஒருநாளும் ஏறப்போகாத காருக்காகப் பணம் செலுத்துவர். 2022 இன் பின்னர் வந்த கட்டண உயர்வுகளை அவர்கள் இன்னும் மறக்கவில்லை.

வாகன வரியை நிதியமைச்சும் மின்சாரத்தை வலுசக்தி அமைச்சும் தனித்தனியே தீர்மானிக்கும் வரை, ஒவ்வொரு இறக்குமதி அலையும் நமக்கு எதிர்பாராத வெள்ளமாகவே தோன்றும். வண்டியையும் விளக்கையும் ஒரே கணக்கில் வைத்துப் பார்க்க 1902 இன் வெள்ளைக்கார வர்த்தகர்களுக்குத் தெரிந்திருந்தது. அவர்கள் இலாபத்துக்காகச் செய்ததை, நம்மவர்கள் மக்களின் நலனுக்காகச் செய்தால் போதும்.