வொக்ஸ் ஏசி30: ஒரு பழைய வால்வுப் பெட்டியின் சரித்திரம்

வகுப்பில் திரான்சிஸ்டரைப் படிப்பிக்கும்போது வால்வை நாங்கள் ஒரே வரியில் கடந்துவிடுகிறோம். "முன்பு இருந்தது, பெரியது, சூடாகும்." அவ்வளவுதான். இங்கிலாந்திலோ 60 வருடப் பழைய வால்வு அம்ப்ளிஃபயர்களை இன்றும் தேடிப் பிடித்துத் திருத்துகிறார்கள்.

கென்ட் பகுதியில் டார்ட்ஃபர்ட் என்றோர் ஊர். அங்கே டொம் ஜெனிங்ஸ் இசைக்கருவி வியாபாரம் செய்தார். யுத்த காலத் தொழிற்சாலையில் அவரோடு பழகிய டிக் டென்னி ஒரு கிட்டார்காரர். டென்னி வடிவமைத்த 15 வாட்ஸ் ஏசி15, 1958இல் சந்தைக்கு வந்தது. ஆனால் றொக் இசை கேட்க வந்த இளசுகளின் கூச்சலுக்கு முன்னால் 15 வாட்ஸ் எடுபடவில்லை. ஷடோஸ் குழுவினர் இன்னும் சத்தம் கேட்டார்கள். 1959இன் கடைசியில் ஏசி30 பிறந்தது. பிறகு பீட்டில்ஸ் மேடையிலும் அதுதான்.

உள்ளே நான்கு இஎல்84 வால்வுகள். இவை கிட்டாருக்கென்றே செய்தவை அல்ல; வீட்டு ரேடியோக்களிலும் இதே வால்வுதான் ஸ்பீக்கரை இயக்கியது. மூத்தவாப்பா காலத்து ரேடியோ போட்டவுடன் பாடாதே, கொஞ்சம் சுணங்குமே, அது வால்வின் இழை சூடாகும் நேரம்.

மலிவான, பாரமில்லாத திரான்சிஸ்டர் வந்ததும் வால்வின் மவுசு குறைந்தது. 1967இல் ஜெனிங்ஸ் தன் நிறுவனத்தை விட்டே வெளியேறினார். எத்தனையோ பெட்டிகள் கராஜ்களில் தூசி பிடித்துக் கிடந்தன.

அப்படிக் கிடந்த ஒன்றை ஆசையோடு நேரே பிளக்கில் போடுவதுதான் பெரிய அநியாயம். மின்பகு கொள்ளளவிகள் இத்தனை வருடத்தில் உள்ளே காய்ந்திருக்கும். 300 வோல்ட்டுக்கு மேல் திடீரென ஏறும்போது அவை வெடிக்கலாம், திரான்ஸ்போமரையும் எரித்துவிடலாம். விஷயம் தெரிந்தவர்கள் இழை பல்ப் ஒன்றைத் தொடராக இணைத்தே முதலில் கரண்ட் கொடுப்பார்கள். உள்ளே குறுஞ்சுற்று இருந்தால் பல்ப் பளிச்சென்று எரிந்து காட்டிக்கொடுக்கும். பிளக்கைக் கழற்றிய பிறகும் கொள்ளளவியில் ஆளைக் கொல்லும் மின்னேற்றம் தங்கியிருக்கும். ஆகவே, பிள்ளைகளே, பழக்கமில்லாமல் யாரும் திறக்க வேண்டாம்.

இன்னொரு கள்ளன் இருக்கிறான். ஒலிச் சைகையை மட்டும் விட்டு நேரோட்டத்தைத் தடுக்க வேண்டிய சிறிய கொள்ளளவி கசியத் தொடங்கினால், இஎல்84இன் நெய்யரிக்கு நேர் அழுத்தம் போய்விடும். வால்வின் தகடு செந்நிறமாகிச் சாகும். ஏசி30இன் வால்வுகள் எப்படியும் எல்லைக்குக் கிட்ட நின்று உழைப்பவை. இந்தச் சுமையை அவை தாங்கா.

எதை மாற்றுவது என்பதில்தான் சண்டை. சிலர் எல்லாவற்றையும் புதிதாக்குகிறார்கள். அது பெயர்ப்பலகையை மட்டும் வைத்துக்கொள்வது போல. சிலர் ஒரு கம்பியையும் தொட விடமாட்டார்கள். அது ஊமைப் பெட்டி. செத்த கொள்ளளவிகளைக் கட்டாயம் மாற்ற வேண்டும், திரான்ஸ்போமரும் நீல நிற செலஷன் ஸ்பீக்கர்களும் நல்லபடி இருந்தால் கை வைக்கக் கூடாது என்பதே எங்கள் எண்ணம். கழற்றிய பழையவற்றை ஒரு பையில் போட்டுப் பெட்டிக்குள்ளேயே வைத்துவிடலாம். வால்வுக்குப் பயமில்லை. ஸ்லோவாக்கியாவில் இஎல்84 இன்னும் செய்கிறார்கள்.