தோட்டத்துச் சாளையும் முன்னோர் தட்டுமுட்டும்

கடற்கரை நாட்டார் செவிக்குச் சாளையென்பது ஒரு மீனின் பெயர். கொங்கு நாட்டாராகிய நமக்கோ அது தோட்டத்து நடுவே, கிணற்றை அடுத்து நிற்கும் வீட்டின் பெயராம். ஊருக்குள் தொட்டிக்கட்டு வீடு உடையாருட் பலரும் தோட்டத்திற் சாளையொன்று வைத்திருந்தனர். அச்சாளைகள் பாகப்பிரிவினையில் இன்று பேரன்மார் கைக்கு வந்துள்ளன. சிலர் அவற்றை இடித்துத் தள்ளுகின்றனர். சிலர் விடுமுறை நாட்களில் தங்குதற்பொருட்டுப் புதுக்குகின்றனர். புதுக்குதல் நன்றே. ஆயினும் உள்ளிருக்கும் பண்டங்களை வாரி வெளியேற்றும் வேகத்தில் எவையெவை நம்மை விட்டுப் போகின்றன என்பதை நம் சங்கத்து அன்பர்கள் சற்று நின்று நோக்குதல் வேண்டும்.

சாளை தோன்றிய காரணம் கிணறேயாம். மேற்கு மலைத்தொடர் மழையை மறிப்பதனால் கோயமுத்தூர்ச் சீமையிற் பெரும்பகுதி வானம் பார்த்த பூமி. நொய்யல், பவானி, அமராவதி ஆகிய ஆறுகளின் வாய்க்கால் எட்டாத இடமெல்லாம் கிணற்று நீரே கதி. விடியுமுன் எருது பூட்டிக் கவலை இறைக்கவேண்டும், கன்றுகாலிகளைக் காக்கவேண்டும், முற்றிய கதிரை இரவில் விட்டு நீங்கலாகாது. ஆதலின் உழவன் குடியிருப்பும் கிணற்றங்கரைக்கே பெயர்ந்தது. 1800-ஆம் ஆண்டில் இந்நாட்டின் வழியே சென்ற பிரான்சிஸ் புக்கானன் என்னும் மருத்துவர் இத்தோட்டங்களையும் கிணறுகளையும் தம் யாத்திரை நூலிற் குறித்துள்ளார். அந்நூல் 1807-இல் அச்சேறியது.

1932-இல் பைக்காரா மின்சாரம் வந்தது. 1937-இல் கோவையிலேயே மின்மோட்டார் செய்யத் தொடங்கினர். அதன்பின் கவலை சிறிது சிறிதாக ஓய்ந்தது. வடக்கயிறும் வால்கயிறும் சாலும் உருளையும் சாளையின் மூலைக்குச் சென்றன. இன்று நாம் 'குப்பை' யென்று கூறுவன பெரும்பாலும் அங்ஙனம் ஓய்வுபெற்ற கருவிகளே.

இவை யாவற்றையும் காத்தல் வேண்டுமென்று யாம் சொல்லோம். செல்லரித்த நுகத்தடியைத் தொழுதுகொண்டிருத்தல் பேதைமை. இற்ற கயிற்றை எறிக. உடைந்த மொடாக்களையும் எறிக. ஆனால் வள்ளத்தை எறியற்க. 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தால் மெட்ரிக் அளவைகள் வந்தபின் வள்ளக் கணக்கு மறைந்தது. பழைய பத்திரங்களிற் குத்தகை இத்தனை வள்ளம் என்று எழுதியிருப்பின், அதன் அளவைக் காட்டுதற்கு அப்பண்டமே சான்று. பித்தளைக்கு என்ன விலை கிடைக்கும் என்று மட்டும் கேட்பார்க்கு இது விளங்காது.

கட்டடத்தைப் பற்றியும் ஒரு சொல். 1865-இல் மங்களூரிற் பாசல் மிஷனார் தொடங்கிய ஓட்டுத் தொழில் பெருகியபின், பனையோலை வேய்ந்த கூரைகள் பல ஓட்டுக் கூரைகளாயின. மண்சுவர் உறுதியாயிருப்பின் கைம்மரத்தையும் ஓட்டையும் மாற்றினாலே போதும்; தார்சு போட்டுச் சித்திரை வெயிலில் உள்ளே வெந்துகொண்டிருத்தல் என்ன நாகரிகமோ அறியேம்!

இனி அட்டாலி. சாளையிற் கடைசியாகக் கை வைக்கவேண்டிய இடம் அதுவே. நம்மவரோ முதலில் அதனையே கவிழ்க்கின்றனர். யான் அறிந்த குடும்பமொன்றில் அட்டாலியிலிருந்த ஏட்டுக் கட்டும் காகிதக் கட்டும் வெந்நீர் அடுப்புக்கு இரையாயின. சில ஆண்டுகட்குப் பின் பங்காளிகளிடையே கிணற்று நீர் முறை பற்றி வழக்கெழுந்தது. யாருக்கு எத்தனை நாள் என்று பாட்டனார் எழுதி வைத்த ஓலை அக்கட்டிலிருந்தது என்று முதியோர் கூறினர். அண்ணன் தம்பியர் இன்றளவும் பேசுவதில்லை.

விசயமங்கலத்துக் கொங்குவேளிர் இயற்றிய பெருங்கதை நம் நாட்டின் பெருஞ்செல்வம். அதனை 1924-இல் உ. வே. சாமிநாதையரவர்கள் பதிப்பித்தபோது முதலும் இறுதியும் கிடைக்கவில்லை. இன்றும் அவை கிடைத்தில. ஆடிப்பெருக்கில் ஏடுகளை ஆற்றில் விட்ட வழக்கத்தையும் ஐயரவர்கள் மனம் நொந்து எழுதியுள்ளார்கள். அவ்விழந்த ஏடு எந்த வீட்டுப் பரணிலிருந்து போயிற்றோ! நம் காலத்திலோ, மறைந்த புலவர் செ. இராசு அவர்கள் ஊரூராகச் சென்று செப்பேடுகளையும் பட்டயங்களையும் தேடிப் பதிப்பித்தமையால் கொங்கு நாட்டுக் காணியுரிமை பற்றிய செய்திகள் பல வெளிவந்தன. அவை கோட்டையிற் கிடைத்தவை மட்டுமல்ல; குடியானவர் வீடுகளிலும் இருந்தவை.

ஆதலின் சாளையைத் துப்புரவு செய்வோர், வீட்டு முதியோர் ஒருவரை உடன் வைத்துக்கொண்டு அட்டாலியைத் திறத்தல் வேண்டும். பத்திரங்களையும் கணக்குகளையும் தனியே எடுத்துவைத்துப் படம் பிடித்துக்கொள்க. ஒட்டிக்கொண்ட ஏடுகளைப் பிரிக்க முயலற்க, பிரித்தால் ஒடியும். உலர்ந்த பருத்தித் துணியிற் கட்டி, ஈரமும் கறையானும் அணுகாத இடத்தில் வைத்துப் பின் அறிந்தார்க்குக் காட்டுக. தஞ்சையில் 1981-இல் நிறுவப்பெற்ற தமிழ்ப் பல்கலைக்கழகத்திலும், சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகத்திலும் ஏடுகளைப் பேணும் முறை அறிந்தோர் உளர். அத்துணைத் தொலைவு செல்ல இயலாதார், தம் ஊர்ப் பள்ளித் தமிழாசிரியரிடமேனும் முதலிற் காட்டுவாராக.