கடல் கடந்து வந்த பனிக்கட்டி

சென்னை மெரினா கடற்கரையை ஒட்டியுள்ள ஐஸ் ஹவுஸ், அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்கக் கட்டப்பட்டது. பாஸ்டன் வணிகர் ஃபிரெடரிக் டியூடர் இந்தத் தொழிலை 1806-இல் தொடங்கினார். குளிர்காலத்தில் உறைந்த ஏரிகளில் குதிரைகள் இழுக்கும் வெட்டுக்கருவியால் பனி ஒரே அளவான பாளங்களாக அறுக்கப்பட்டது. பாளங்களை நெருக்கமாக அடுக்கி மரத்தூளால் மூடியதால் வெப்பம் எளிதில் புகவில்லை.

1833 மே மாதம் பாஸ்டனிலிருந்து சுமார் 180 டன் பனியுடன் புறப்பட்ட 'டஸ்கனி' கப்பல், நான்கு மாதப் பயணத்தில் நிலநடுக்கோட்டை இருமுறை கடந்து கல்கத்தா சேர்ந்தபோது சுமார் 100 டன் உருகாமல் இருந்தது. இதையடுத்து சென்னை, பம்பாய் நகரங்களுக்கும் வணிகம் பரவியது. சென்னைக் கிடங்கு 1840-களில் எழுந்தது. வாங்கியவர்களில் பெரும்பாலோர் ஐரோப்பியர்களும் செல்வந்தர்களும்; காய்ச்சலைத் தணிக்க மருத்துவர்களும் பனியைப் பயன்படுத்தினர்.

1870-களில் இந்தியாவிலேயே இயந்திரங்கள் பனிக்கட்டி தயாரிக்கத் தொடங்கியதும் இறக்குமதி நலிந்தது. கட்டடம் பின்னர் வழக்கறிஞர் பிலிகிரி ஐயங்காரின் இல்லமானது. 1897 பிப்ரவரியில் சுவாமி விவேகானந்தர் அங்கே தங்கினார். 1963-இல் அவரது நூற்றாண்டையொட்டி அது விவேகானந்தர் இல்லம் எனப் பெயர் மாற்றப்பட்டது.