அப்டேட்டில் 'டெட்' ஆன போன்: கடையில் 'சாஃப்ட்வேர் போடுறது' என்றால் என்ன?

2021 புத்தாண்டை ஒட்டி, ஷாவ்மியின் மி ஏ3 வைத்திருந்தவர்களுக்கு ஆண்ட்ராய்டு 11 அப்டேட் வந்தது. பலருக்கு இன்ஸ்டால் ஆகி ரீஸ்டார்ட் ஆனதோடு சரி, போன் திரும்ப எழவே இல்லை. இந்தியாவில் இருந்தும் புகார்கள் குவிய, நிறுவனம் அப்டேட்டை நிறுத்தியது. வாரண்டி முடிந்திருந்தாலும் சர்வீஸ் சென்டரில் இலவசமாகச் சரிசெய்து தருவதாக அறிவித்தது.

ஆனால் கோவை–பாலக்காடு எல்லையில் வேலந்தாவளம் மாதிரி ஊரில் இருப்பவருக்கு, சர்வீஸ் சென்டர் என்றால் ஒரு பயணம். அதனால் முதலில் போவது பக்கத்து மொபைல் கடைக்குத்தான். அங்கே கிடைக்கும் பதில்: "சாஃப்ட்வேர் போடணும்."

லோகோவிலேயே நின்றால் பெரிய பயம் இல்லை. ரெக்கவரி மோடிலேயே பெரும்பாலும் சரியாகிவிடும். ஸ்க்ரீன் கருப்பு, சார்ஜ் போட்டாலும் அசைவில்லை என்றால்தான் சிக்கல். அப்போதுகூட போன் முழுசா சாகவில்லை. பிராசஸருக்குள், தயாரிக்கும்போதே பதிக்கப்பட்ட, யாராலும் அழிக்க முடியாத ஒரு சின்ன புரோகிராம் இருக்கிறது. பூட்லோடர் கெட்டுப்போனால் அது யுஎஸ்பி வழியாக உதவிக்குக் காத்திருக்கும். போனை கம்ப்யூட்டரில் செருகியதும் டிவைஸ் மேனேஜரில் 'குவால்காம்... 9008' என்று தெரிந்தால், அதுதான் குவால்காம் சிப்பின் இடிஎல் மோடு. மீடியாடெக் சிப்பில் இதற்குப் பெயர் பிராம் மோடு. சில மாடல்களில் பின்பக்கத்தைத் திறந்து, போர்டில் இரண்டு புள்ளிகளை இணைத்தால்தான் இந்த மோடே வரும்.

கதவு திறந்தால் மட்டும் போதாது, சாவியும் வேண்டும். இடிஎல்-இல் முதலில் 'ஃபயர்ஹோஸ்' என்ற சின்ன லோடர் ஃபைலை அனுப்ப வேண்டும். அதில் போன் தயாரித்த நிறுவனத்தின் டிஜிட்டல் கையெழுத்து இருக்கிறதா என்று சிப் சரிபார்க்கும், இல்லையென்றால் ஏற்காது. ஷாவ்மி இன்னும் ஒரு படி மேலே போய், பல மாடல்களுக்கு அனுமதி பெற்ற கணக்கில் லாகின் செய்தால்தான் ஃபிளாஷ் செய்ய விடுகிறது. திருட்டுப் போனை விற்க முடியாமல் தடுக்க இது உதவும், சரிதான். ஆனால் சொந்த போனைச் சரிசெய்ய நினைப்பவருக்கும் அதே பூட்டுதான். 'ஆத்' வாங்கித் தருகிறேன் என்று ஆன்லைனில் காசு கேட்பவர்களிடம் உங்கள் கம்ப்யூட்டரின் ரிமோட் கன்ட்ரோலைக் கொடுப்பதற்கு முன் நன்றாக யோசியுங்கள்.

பழைய வெர்ஷனைப் போட்டுப் பார்க்கலாமே? அதிலும் ஆபத்து உண்டு. 2018-இல் ரெட்மி நோட் 5 ப்ரோவில் ஆன்டி-ரோல்பேக் வந்த பிறகு, பழைய மியுஐ-க்குத் திரும்ப முயன்ற பலரின் போன்கள் டெட் ஆயின.

டேட்டா என்ன ஆகும் என்பது, கடைக்காரர் எந்த ஆப்ஷனை டிக் செய்கிறார் என்பதில் இருக்கிறது. சாம்சங்கின் ஓடின் டூலில் 'ஹோம் சிஎஸ்சி' ஃபைலைத் தேர்ந்தெடுத்தால் பொதுவாக டேட்டா தங்கும். வெறும் 'சிஎஸ்சி' என்றால் எல்லாம் போய்விடும். மீடியாடெக்கின் எஸ்பி ஃபிளாஷ் டூலில் 'டவுன்லோட் ஒன்லி' என்றும் 'ஃபார்மேட் ஆல் + டவுன்லோட்' என்றும் இரண்டு ஆப்ஷன்கள் உண்டு. இரண்டாவதை அழுத்தினால் போட்டோக்களோடு, ஐஎம்இஐ எண் இருக்கும் பகுதியும் அழியும். பிறகு சிம் போட்டாலும் நெட்வொர்க் வராது. மெமரி சிப்பைத் தனியே கழற்றி போட்டோக்களை எடுக்கலாமா என்றால், இன்றைய போன்களில் எல்லாம் என்கிரிப்ட் ஆகி இருக்கும். அதைத் திறக்கும் சாவி பிராசஸரோடு பிணைந்தது.

அழிந்த ஐஎம்இஐ-க்குப் பதிலாக ஏதோ ஒரு எண்ணைப் போட்டுத் தரும் கடைகளும் உண்டு. அதற்கு ஒப்புக்கொள்ளாதீங்க. 2023 தொலைத்தொடர்புச் சட்டப்படி ஐஎம்இஐ-யை மாற்றினால் 3 ஆண்டு வரை சிறை, 50 லட்சம் ரூபாய் வரை அபராதம்.

போனைக் கொடுக்கும்போதே "டேட்டாவை ஃபார்மேட் பண்ணாம முதல்ல ட்ரை பண்ணுங்க அண்ணா" என்று சொல்லிவிடுங்கள். திரும்ப வாங்கும்போது, கவுன்ட்டரை விட்டு நகர்வதற்கு முன் *#06# அழுத்துங்கள். வரும் எண்ணும் போன் வாங்கிய பெட்டியில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும்.